வெல்லத்துக்கு வயித்துல ஒம்போது உண்ணி

என் பொண்டாட்டி புருவம் எடுக்க வச்சிருந்த ட்வீசர் இப்ப எங்க வீட்ல நாய்க்குச் சொந்தமாயிருச்சு, அதுக்குக் காரணம் நான் பண்ண ஒரு கூத்து. வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நாய் வளக்குறவங்கள்ல நான் மட்டும் இப்படி இருக்க மாட்டேன்னு ஒரு நம்பிக்கை.

வெல்லம் எங்க தெருவுலயே பொறந்த நாட்டு நாய், அச்சுவெல்லம் கலர், அதான் பேரும். மழையில ட்ரான்ஸ்ஃபார்மர் கிட்ட நடுங்கிக்கிட்டு நின்னவனைத் தூக்கிட்டு வந்தோம், அப்ப மூணு மாசம் இருக்கும். மேல பூராம் உண்ணி. காது மடலுக்குள்ள, கால் விரல் இடுக்குல, ரத்தம் குடிச்சு உப்பிப்போய் கொட்டமுத்து மாதிரி ஒவ்வொண்ணும். பழைய ஊறுகா பாட்டில்ல டெட்டால் தண்ணிய ஊத்தி வச்சுக்கிட்டு, ஆபீஸ்ல இருந்து வந்ததும் அதான் வேலை, பிடுங்குறது போடுறது பிடுங்குறது போடுறது. ஒரு வாரம் இதையே பண்ணா என்ன ஆகும், கருப்பா புள்ளி எதைப் பாத்தாலும் உண்ணியாத்தான் தெரியும். தோசையில இருந்த கருவேப்பிலையக் கூட ஒரு தடவை உத்துப் பாத்தேன்.

ஒரு ஞாயித்துக்கெழம ராத்திரி பதினோரு மணி, மல்லாக்கப் படுத்திருந்தான். அடிவயித்துல முடி கம்மி, அங்க சின்னதா கருப்பா ஒண்ணு. செல்போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, ட்வீசரால பிடிச்சு ஒரு இழு. வரல. பய கையை நக்கி விட்டான், வேணாம்னு சொல்றான், நமக்கு எங்க புரியுது. நல்லா தலைய உள்ள விட்டுருச்சு போலன்னு நெனச்சு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு இழுத்தேன், வீல்னு ஒரு கத்து, கட்டிலுக்கு அடியில போயிட்டான். ஒரு சொட்டு ரத்தம். அப்பதான் கவனிச்சேன், இந்தப் பக்கம் இருக்குற மாதிரியே அந்தப் பக்கமும் வரிசையா இருக்கு. அய்யோ, இத்தனை உண்ணியான்னு ராத்திரி பூராம் தூங்கல.

காலையில டாக்டரம்மா அவனை டேபிள்ல படுக்க வச்சு பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க. "சார், இதுக்குக் கால் இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் புரியல. பேனா மூடிய வச்சு ஒவ்வொண்ணா தொட்டு எண்ணிக் காமிச்சாங்க, இந்தப் பக்கம் அஞ்சு அந்தப் பக்கம் நாலு, மொத்தம் ஒம்போது. "காம்பு சார். ஆம்பள நாய்க்கும் உண்டு." காயம் பட்ட இடத்துக்கு ஒரு ஆயின்மென்ட், அம்புட்டுதான். வெளிய வந்து வண்டிய எடுக்குற வரைக்கும் உள்ள கம்பவுண்டர் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

கருவுல ஆணா பொண்ணான்னு பிரியுறதுக்கு முன்னாடியே காம்பு உருவாயிருது, அதனால மனுசன் மாதிரியே ஆண் நாய்க்கும் இருக்கு. பொதுவா எட்டுல இருந்து பத்து, ரெண்டு வரிசை, ஆனா சரிக்குச் சமமா இருக்கணும்னு இல்ல. உண்ணின்னா தொட்டுத் தடவிப் பாத்தா ஓரத்துல குட்டிக் கால் தெரியும், எட்டு கால், தோல்ல ஒட்டிக்கிட்டு இருக்குற மாதிரி இருக்கும். காம்பு தோலோட தோலா இருக்கும், அதே எடத்துல நேத்தும் இருந்திருக்கும். நேத்து நான் பாக்கல, அதான் பிரச்சனை.

இது கூடப் பரவால்ல. பத்து மாசத்துல அவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணோம். அதுக்கப்புறம் ஒரு நாள் ஊருல இருந்து தங்கச்சி வந்தா, வெல்லத்துக்குத் தங்கச்சின்னா உயிரு, குதிச்சு சுத்தி வந்து ஒரே ஆட்டம். கொஞ்ச நேரத்துல அம்மா அடுப்படியில இருந்து வந்து என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "டேய், டாக்டர் எடுத்தது திரும்ப மொளச்சிருச்சுடா"ங்குது. எதும்மான்னு கேட்டா மொகத்தைத் திருப்பிக்கிட்டு, "அதான்டா, ரெண்டும்". போய்ப் பாத்தா நெசமாவே குறிக்கு அடியில ரெண்டு பக்கமும் எலுமிச்சங்காய் சைஸ்ல வீக்கம். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, கட்டியா இருக்குமோ, தையல் எதுவும் உள்ள பிரிஞ்சிருச்சோன்னு. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன், "பத்து நிமிசம் அவனைக் கண்டுக்காம விடுங்க"ன்னாங்க. விட்டோம். பன்னெண்டாவது நிமிசம் ஒண்ணையும் காணோம்.

அது நாயோட குறியில அடிப்பக்கம் இருக்குற ஒரு பகுதி, ரத்தம் ஏறுனா உருண்டையா ரெண்டு பக்கமும் வீங்கும். சின்னப் புள்ளையில தெருவுல ரெண்டு நாய் ஒட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்து தண்ணி ஊத்துவோமே, கல்லு விடுவோமே, அது பிரிய முடியாம நிக்கிறதுக்குக் காரணமே இந்த வீக்கம்தான், வீக்கம் வத்துனா தானா பிரிஞ்சிரும், கல்லு விட்டா நாய்க்குத்தான் கிழிஞ்சு காயமாகும். இது காமத்துக்கு மட்டும் வர்றதும் இல்ல, சும்மா சந்தோசம் தலைக்கேறுனாலே வரும், ஆபரேஷன் பண்ண நாய்க்கும் வரும், குட்டிக்கும் வரும். ஆனா ஒண்ணு, செவப்பா வெளிய வந்தது அரை மணி நேரம் ஆகியும் உள்ள போகல, காஞ்சு போகுது, கருக்குதுன்னா அது வேற கதை, அப்ப கூகுள் பண்ணிக்கிட்டு ஒக்காராம டாக்டர்கிட்ட ஓடணும்.

தங்கச்சி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சவ கதைய நான் சொல்லாம விடுவேனா. அவ பூனைக்கு ஆபரேஷன் பண்ணி அஞ்சாறு மாசத்துல, அது நடக்கும்போது பின்னங்காலுக்கு முன்னாடி வயித்துத் தோல் ஊஞ்சல் மாதிரி ஆடுதுன்னு கண்டுபிடிச்சு, குடல் எறங்கிருச்சுன்னு முடிவே பண்ணிட்டா. ஒரு மடிப்புத் தோல்தான் அது, கொழுப்பு கொஞ்சம் இருக்கும், ஒல்லிப் பூனைக்கும் இருக்கும், ஆபரேஷன் பண்ணாததுக்கும் இருக்கும். சிங்கத்துக்குக் கூட இருக்கு. அடுத்த மாசமே காதோரத்துல கீழ சின்னதா ஒரு பை மாதிரி மடிப்பைப் பாத்துட்டு, தெருவுல எவனோ காதைக் கிழிச்சு விட்டுட்டான்னு அப்பார்ட்மென்ட்ல சண்டைக்குப் போயிட்டா. கருத்தடை பண்ண தெரு நாய்க்கு அடையாளத்துக்குக் காதுல வெட்டி விடுவாங்கல்ல, அது மாதிரி ஆள் தெரியாம இதுக்கும் பண்ணிட்டாங்கன்னு ஒரு சந்தேகம் வேற. பூனைக்குப் பொறப்புலயே இருக்குற மடிப்பு அது. ரெண்டு காதுலயும் ஒரே எடத்துல ஒரே அளவுல எவன் கிழிப்பான், அதை யோசிக்கல.

எங்க அப்பா வளத்த கிழட்டு நாய் விசயத்துல மட்டும் எனக்கு இன்னமும் உறுத்தல் இருக்கு. ஏழு வயசு தாண்டுனதும் கண்ணு நடுவுல லேசா நீலப் புகை மாதிரி வந்துச்சு, எல்லாரும் புரை விழுந்துருச்சு இனிமே குருடுன்னு சொல்லி, வெளிய விடாமக் கட்டியே போட்டோம். அது அப்பவும் மதில் மேல ஓடுற அணிலை சரியாப் பாத்துக் குரைக்கும், அதை யாரும் யோசிக்கல. வயசாக ஆக கண்ணு லென்ஸ் இறுகிப் போறதுனால வர்ற நீலம் அது, நமக்கு நாப்பதுல சாளேஸ்வரம் வருது பாருங்க, அதோட பங்காளி. பார்வை பெருசாப் போகாது. நெஜமான புரைன்னா பால் மாதிரி வெள்ளையா அடைச்சிரும், ஆரம்பத்துல ரெண்டையும் நம்ம கண்ணால பிரிச்சுச் சொல்றது கஷ்டம், டாக்டர் கருவி வச்சுப் பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிருவாங்க. நாங்க காட்டல. பாவம் அது.

கோவில்பட்டில மச்சானோட சிப்பிப்பாறைக்கு இதுக்கு நேர்மாறு. நாய்க்கு ஒண்ணும் இல்ல, பாக்குறவங்களுக்குத்தான் வியாதி. மதுரைக்குக் கூட்டிட்டு வந்தா போற வர்றவங்க எல்லாம் "ஏன் தம்பி, இதுக்கு சோறே போட மாட்டீங்களா"ன்னு கேட்பாங்க. ஓடுறதுக்குன்னே இருக்குற ஒடம்பு, தோல் மெல்லிசு, முடி குட்டை, வயிறு ஒட்டி கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு தெரியத்தான் செய்யும். அது மூணு முட்டை திங்கிறத அவங்க பாக்கல. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேந்து துருத்திக்கிட்டு நின்னாத்தான் கவலைப்படணும்.

இப்ப நான் வாரம் ஒரு நாள் வெல்லத்தை தலையில இருந்து வாலு வரைக்கும் தடவிப் பாத்துருவேன். மண்டைக்குப் பின்னாடி ஒரு முட்டு, நெஞ்செலும்பு முடியிற எடத்துல ஒரு கூர், மேல்பல்லுக்குப் பின்னாடி அண்ணத்துல ஒரு குட்டிக் கொப்புளம் (அதைச் சிக்கன் எலும்புன்னு நெனச்சு நெகத்தால நோண்டுனது தனிக் கதை), எல்லாம் அவனோடது. போன தீபாவளி சமயத்துல இடது அக்குள் கிட்ட புதுசா ஒரு உருண்டை தட்டுச்சு, வலது பக்கம் தடவுனேன், இல்ல. மறுநாளே காட்டிட்டோம், ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்து கொழுப்புக் கட்டிதான்னு சொன்னாங்க, பெருசாகுதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.

நேத்து எதுத்த வீட்டுக்காரம்மா புதுசா வாங்குன லாப் குட்டிய இடுப்புல தூக்கிக்கிட்டு பதறிப்போய் வந்துச்சு, "அக்கா, வயித்துல என்னமோ கருப்பு கருப்பா"ன்னு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள அம்மா வாசல்லயே நிறுத்தி, குட்டியத் திருப்பிப் பாத்துட்டு, "கால் இருக்கா பாருடி"ன்னு கேட்டுச்சு.