கோடு போடுகிற ஆசை

டெர்மினலில், அதாவது எழுத்து மட்டுமே தெரியும் திரையில், ஓடும் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் கோடு போடும் ஆசை வந்துவிடும். பைத்தான் மொழியில் ஒரு சமக்குறியை 80 ஆல் பெருக்கி பிரிண்ட் செய்தால் போதும், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு. (அந்த 80 ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். இன்னும் நம்மை விடவில்லை.) எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் கம்பெனிக் கிளைகளின் தொகைகளைப் பட்டியலிட எழுதும் ஸ்கிரிப்ட்களில் (சின்னப் புரோகிராம்களில்) தலைப்புக்கு மேலே நட்சத்திர வரிசை, கீழே சமக்குறி வரிசை, கிளைக்குக் கிளை நடுவே இன்னொன்று. கல்யாணப் பத்திரிகை தோற்றது.

எழுதியதைச் சரிபார்க்கும் ரிவ்யூவில் நான் முதலில் கை வைப்பது இவற்றில்தான். கிளைகளுக்கு நடுவே ஒரு காலி வரி விட்டாலே கண் நின்று படிக்கும். கோட்டை மொத்தத் தொகைக்கு மேலே மட்டும் வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். பத்திகளை நேராக்க டேப் கீயை நம்பவே கூடாது. அது எட்டெட்டுக் கட்டமாகத் தாவும். ஒரு பெயர் கொஞ்சம் நீண்டாலும் அந்த வரி மட்டும் தனியாக விலகி நிற்கும். அகலத்தை எண்ணாகவே கொடுத்து, பெயரை இடப்பக்கமும் தொகையை வலப்பக்கமும் ஒட்ட வைப்பதுதான் சரி. தொகையில் இன்னொரு தொல்லை: பைத்தானின் வழக்கமான காற்புள்ளி 1,234,567 என்று போடும். கணக்குப் பிரிவில் 12,34,567 என்று இருந்தால்தான் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்.

அப்புறம் பைப், அதாவது ஒரு புரோகிராமின் அவுட்புட்டை நேராக இன்னொன்றுக்கு அனுப்புவது. இதே அவுட்புட்டை இன்னொரு ஸ்கிரிப்ட் வாங்கி வரிகளை எண்ணினால் கோடும் ஒரு கிளையாகிவிடும். அதனால் அவுட்புட் போவது டெர்மினலுக்கா, வேறு புரோகிராமுக்கா என்று பார்த்துத்தான் அலங்காரம் செய்யச் சொல்வேன்.

இவ்வளவும் செய்த பிறகு கிளைப் பெயர்களைத் தமிழில் கேட்டார்கள். ‘திருச்சி’ நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் புள்ளியும் கொக்கியும் தனித்தனி என்பதால் பைத்தானுக்கு எட்டு. அது எட்டு என்று எண்ணி இடம் விடும். டெர்மினலோ தன் கணக்குப்படி அகலம் ஒதுக்கும். ஒரு டெர்மினலில் நேராக வருவது இன்னொன்றில் கோணும். அகலம் கணக்கிட யாரோ எழுதிவைத்த லைப்ரரிகளையும் போட்டுப் பார்த்தோம், ஃபான்ட் மாறினால் மறுபடி அதே கதை. கடைசியில் எண்களை முன்னால் வைத்து, பெயரை வரியின் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டோம். அதற்குப் பின்னால் கோணுவதற்கு ஒன்றும் இல்லை. பெயர் ஏன் கடைசியில் இருக்கிறது என்று கணக்குப் பிரிவில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.