பரிபாவின் நான்கு தொனிகளைப் பிரித்துக் கேட்பது எப்படி

பெனின் நாட்டின் வடகிழக்கில் பராகூ, நிக்கி, கான்டி பக்கமும், எல்லை தாண்டி நைஜீரியாவின் குவாரா மாநிலத்திலும் பேசப்படும் மொழி பரிபா. பேசுகிறவர்கள் அதை பாட்டோனும் என்பார்கள். பழைய போர்கு நாட்டை 1898-இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்கு போட்டுக்கொண்டதால்தான் இன்று அது இரண்டு நாட்டு மொழி.

தொனி என்றால் சொல்லின் பொருளையே மாற்றும் சுருதி, அதாவது குரலின் உயரம் அல்லது தாழ்வு. பரிபா மேற்கு ஆப்பிரிக்காவின் குர் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று தொனிதான். பரிபாவில் நான்கு தொனிப் படிகள் என்று மொழியியலாளர் வில்லியம் வெல்மர்ஸ் 1952-இல் எழுதினார்: உச்சம், உயர்வு, நடு, தாழ்வு. குறில் நெடில் வேறுபாடும் உண்டு. ஆகவே நீளத்தையும் சுருதியையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நம் காது நீளத்தை உடனே பிடிக்கும், சுருதியை உணர்ச்சி என்று தள்ளிவிடும்.

தனிச்சொல்லாகச் சொல்லச் சொல்லிக் குறிப்பெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தனியாக நிற்கும் சொல்லில் படியை ஒப்பிட எதுவும் இல்லை. போதாததற்கு மூச்சு முடியும் இடத்தில் குரல் தானாகவே இறங்கும். அதனால் ஒரே வாக்கியச் சட்டத்தை வைத்துக்கொண்டு, நடுவில் பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றுங்கள். அசை எண்ணிக்கையும் உயிர் நீளமும் ஒன்றாக உள்ள சொற்களையே ஒரு தொகுப்பில் சேர்க்கவும். மெய் ம, ந, ல என்று இருந்தால் நல்லது. ஒலிப்புடைய வெடிப்பொலிகள் சுருதியைக் கொஞ்சம் கீழே இழுத்து ஏமாற்றும். ஒரே மாதிரி ஒலிப்பவற்றை ஒரு குவியலாக்குங்கள். எத்தனை படி என்பதைக் குவியல்கள் சொல்லட்டும், முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். சந்தேகமான சொல்லைப் பேசுபவரையே சீழ்க்கையடிக்கச் சொன்னால் மெய்யும் உயிரும் விலகி, சுருதி மட்டும் மிஞ்சும்.

கணினியில் அளக்க பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருள் போதும், இலவசம். சுருதி வரம்பை ஆண் குரலுக்கு 75–300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100–500 என்று வையுங்கள். இல்லாவிட்டால் கரகரத்த இடங்களில் அளவு இரட்டிக்கும் அல்லது பாதியாகும். ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை நேரடியாக ஒப்பிடக் கூடாது: 100-லிருந்து 120-க்கும், 200-லிருந்து 240-க்கும் ஏறுவது காதுக்கு ஒரே ஏற்றம்தான், ஏறக்குறைய மூன்று அரைச்சுரம்.

நைஜீரிய மொழியான யொருபாவிலிருந்து வருபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அதில் மூன்றே படி என்பதால், உச்சத்தையும் உயர்வையும் ஒன்றாகப் போட்டுவிட வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு குவியலையும் இன்னொரு பேச்சாளரிடம், வேறொரு வாக்கியச் சட்டத்தில் மறுபடி சரிபாருங்கள்.