இரண்டு முறை வந்த ஒன்றரை மணி

டொராண்டோவுக்கு வருகிறவர்களுக்குக் குளிர், வீட்டு வாடகை, கார் இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் சொல்ல ஆள் உண்டு. கோடை நேரத்துக்காக வருடத்தில் இரண்டு முறை மாறும் கடிகாரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் நேரே 3. நவம்பர் முதல் ஞாயிறு 2 ஆனதும் திரும்ப 1. வீட்டில் பெரிய தொல்லை இல்லை. போன் தானே மாறிக்கொள்ளும், அடுப்புக் கடிகாரத்தை மட்டும் நாம் மாற்ற வேண்டும். (மாற்றாமல் விட்டால் மார்ச்சில் அதுவாகவே சரியாகிவிடும்!)

எனக்கு வேலை இரவு ஜாப்களை, அதாவது குறித்த நேரத்தில் கணினி தானாக ஓட்டும் வேலைகளை, கவனிக்கும் குழுவில். சென்னையில் 1:30க்கு ஓடு என்றால் ஒரு தடவை ஓடும், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே நவம்பரில் 1:30 இரண்டு தடவை வருகிறது. அந்த நேரத்துக்கு வைத்திருந்த இன்வாய்ஸ் ஜாப் மறுபடியும் ஓடி, ஒரே பில் வாடிக்கையாளர்களுக்கு இரண்டாகப் போனது. எது எப்போது ஓடியது என்று பதிவாகும் லாக்கைத் திறந்தால் 1:58க்கு அடுத்த வரி 1:02. மார்ச்சில் நேர்மாறு. 2:30 என்ற நேரமே அன்று இல்லை, அதனால் அந்த நேரத்து ஜாப் ஓடவில்லை. ஓடாத ஜாப் எர்ரரும் அனுப்பாது. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் நேரம் பார்த்து ஜாப்களை ஓட்டும் கிரான் என்ற நிரல் இதைச் சமாளிக்கும்: தவறியதைக் கடிகாரம் தாவியதும் ஓட்டிவிடும், திரும்ப வரும் மணியில் இரண்டாம் முறை ஓட்டாது. எங்களிடம் இருந்த மென்பொருளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

எல்லாவற்றையும் யூடிசிக்கு, அதாவது கோடையிலும் மாறாத உலகப் பொது நேரத்துக்கு, மாற்றினால் தீர்ந்தது என்பார்கள். பாதிதான் சரி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் பேக்கப்புக்கு அது போதும். காலை 7 மணிக்கு மேலாளர் கையில் இருக்க வேண்டிய ரிப்போர்ட்டை யூடிசி 12க்கு வைத்தால் கோடையில் 8 மணிக்குத்தான் வரும். அதற்கு ‘அமெரிக்கா/டொராண்டோ’ என்று ஊர்ப் பெயர் உள்ள நேர மண்டலம்தான் வேண்டும். பலர் பட்டியலில் ஈஎஸ்டியை (கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்) தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அது வருடம் முழுக்க யூடிசிக்கு 5 மணி பின்னால் நிற்கும். கோடையில் டொராண்டோ 4 மணிதான் பின்னால்.

சென்னைக் குழு பாவம். எங்கள் காலை 7 மணி மீட்டிங் அவர்களுக்குக் கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. கடிகாரத்தை மாற்றுவது நாங்கள், வீட்டுக்குப் போகத் தாமதமாவது அவர்களுக்கு.

இந்த மாற்றத்தை நிறுத்த ஒன்டாரியோ 2020இல் சட்டம் போட்டது. நியூயார்க்கும் கியூபெக்கும் கூட வந்தால்தான் அமலாகும் என்கிறார்கள். சரி, வரட்டும். இன்வாய்ஸ் ஜாப் இப்போது 4:15க்கு ஓடுகிறது. 1 முதல் 3 மணி வரை புதிதாக எதையும் வைக்க நாங்கள் யாரையும் விடுவதில்லை.