சிங்கிளுக்கு ரூம் இல்லையே தம்பி

பெண்கள் தனியாகப் பயணம் போவதைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். எழுதவும் வேண்டும், அவர்கள் படும் பாட்டில் கால்வாசி கூட நமக்குக் கிடையாது. ஆனால் ஆண் தனியாகக் கிளம்பினால் யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. "ஆம்பளப் பையன்தானே, எங்கயாவது படுத்து எந்திரிச்சு வந்துருவான்" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், வீட்டில் யாரும் கவலைப்படாத அதே ஆளை வெளியூரில் எல்லோரும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். லாட்ஜ்காரர், பஸ்ஸில் முன் சீட் அம்மா, திண்ணையில் பேரனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி, எல்லோரும்தான். தனியாகப் போகிற ஆண் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நான் ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் சுற்றுகிறவன், தமிழ்நாட்டுக்குள் அதிகம், வடக்கே அவ்வப்போது. அதனால் விமானம், ரிசார்ட் எல்லாம் இங்கே வராது.

முதல் தலைவலி ரூம். கோயில் ஊர் ஒன்றில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு லாட்ஜில் ஏறினேன். கவுன்டரில் இருந்தவர் முதலில் என் பையைப் பார்த்தார், அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "கூட யாரு வர்றா?"

"யாரும் இல்லண்ணே, நான் மட்டும்தான்."

"சிங்கிளுக்கு ரூம் இல்லையே தம்பி."

அவர் தலைக்குப் பின்னால் பலகையில் பாதிக்கு மேல் சாவிகள் தொங்குகின்றன. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "அதெல்லாம் புக்கிங்" என்றார், பார்வையை நோட்டில் வைத்துக்கொண்டே.

இதில் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. தனியாக வருகிற ஆள் மனசு உடைந்து வந்திருப்பானோ, உள்ளே போய் ஏதாவது பண்ணிக்கொண்டால் நாளைக்குப் போலீஸ், விசாரணை, அந்த ரூமை அப்புறம் யார் எடுப்பார்கள் என்கிற பயம்தான் பெரும்பாலான இடங்களில். குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணுவானோ என்பது அடுத்தது. அந்தப் பயத்தைப் போக்கினால் ரூம் கிடைத்துவிடும், நான் பார்த்தவரை இதுதான் நிலவரம். முடிந்தவரை பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். போகும்போதே "நாளைக்குக் காலையில தரிசனம் முடிச்சுட்டு மத்தியான பஸ்ல தஞ்சாவூர் போறேன்" என்று நீங்களாகவே திட்டத்தைச் சொல்லுங்கள், திரும்புகிற டிக்கெட் இருந்தால் காட்டுங்கள், வேலை பார்க்கும் இடத்து அடையாள அட்டை இருந்தால் அதையும். "வேணும்னா வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தர்றேன், பேசிக்கோங்க" என்று சொன்னால் அநேகமாகப் பேசக் கூட மாட்டார், சாவியை எடுத்துவிடுவார். ஆன்லைனில் பதிவு செய்திருந்தாலும் கிளம்பும் முன் லாட்ஜுக்கே போன் செய்து "தனி ஆள்தான், பரவாயில்லையா" என்று கேட்டுவிடுங்கள். பணம் கட்டியபிறகு வாசலில் நின்று மல்லுக்கட்டுவது பெரிய கொடுமை.

இன்னொன்றும் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, மத்தியானம் 12 மணிக் கணக்கா? நம்மூர் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு உண்டு. விடிகாலை ஐந்துக்கு இறங்குகிறவனுக்கு இது ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தும். ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைக் கொடுங்கள். அதை வாங்க மறுத்தால் டிரைவிங் லைசென்ஸ்.

சில இடங்களில் விதியே அப்படி. திருமலையில் தேவஸ்தான அறைகளைத் தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் யாத்ரிகர் வளாகங்களில் இலவச லாக்கரும் படுத்துக்கொள்ளப் பெரிய கூடமும் உண்டு, ஒற்றை ஆளுக்கு அதுவே தாராளம். ரயிலில் போகிறவர்கள் மறந்துபோகிற இன்னொரு இடம், பெரிய ஸ்டேஷன்களில் இருக்கும் ரிட்டயரிங் ரூமும் டார்மிட்டரியும். பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி வழியாகவே பதிவு செய்யலாம். "கூட யாரு" என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. டார்மிட்டரியில் குறட்டை இலவசம், அதற்குத் தயாராகப் போங்கள்.

ரயிலுக்குள் வந்தால், தனி ஆண் என்றாலே இடம் மாறுகிற ஆள் என்று பெட்டியே முடிவு செய்துவிடும். "தம்பி தனியாத்தானே, குடும்பமா வந்திருக்கோம், கொஞ்சம் மாறிக்கிறீங்களா?" வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் கேட்டால் மாறிக்கொடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் எழுந்திருக்கும் முன் அவர்கள் தரும் பெர்த் எந்தப் பெட்டி, எந்த எண், டிக்கெட் உறுதியானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்-4ல் இருந்து எஸ்-9க்குப் பை தூக்கிக்கொண்டு போனபிறகு அங்கே வேறொருவர் படுத்திருந்தால் நீங்கள் நடுவில் நிற்பீர்கள். டிடிஇ வந்து போகிறவரை பொறுத்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாறுவது உத்தமம். என்னைக் கேட்டால் டிக்கெட் எடுக்கும்போதே மேல் பெர்த் கேட்டு வாங்கிவிடுவேன். அதைக் கேட்டு யாரும் வர மாட்டார்கள், நடு பெர்த்தை எப்போது மடக்குவது என்கிற பஞ்சாயத்தும் இல்லை, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பை என்றதும் ஒன்று. தனியாகப் போகிறவனுக்கு உண்மையான கஷ்டம் தனிமை இல்லை, கக்கூஸுக்குப் போகும்போது பையை யாரிடம் கொடுப்பது என்பதுதான். குடும்பத்தோடு போனால் "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒற்றை ஆளுக்கு அது நடக்காது. அதனால் பையின் அளவை முடிவு செய்வது எத்தனை சட்டை என்பது இல்லை, பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறைக்குள் அதை மாட்டிக்கொண்டே போய் வர முடியுமா என்பதுதான். முதுகுப்பை ஒன்று, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு சின்னப் பூட்டும் ஒரு எஸ் கொக்கியும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கிளாக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். கொக்கி எதற்கென்றால், கழிப்பறைக் கதவின் பின்னால் ஆணி இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

இந்தக் கஷ்டம் உச்சத்துக்குப் போகும் இடம் ராமேஸ்வரம். முதலில் கடலில் அக்னி தீர்த்தம், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். முழுக்க நனைந்தபிறகு ஈரத்துணியோடு மூலவர் சன்னிதிக்குப் போக முடியாது, வேறு உடை மாற்ற வேண்டும். போன், பர்ஸ், உலர்ந்த வேட்டி, ரூம் சாவி எல்லாம் அதுவரை எங்கே இருக்கும்? தனியாகப் போனால் பக்கத்திலேயே ரூம் எடுத்துப் போன், பர்ஸ் இரண்டையும் அங்கேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். உலர்ந்த வேட்டியையும் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். தீர்த்த டிக்கெட்டுக்கும் தட்சணைக்கும் வேண்டிய பணத்தையும் சாவியையும் ஜிப் கவரில் போட்டு, இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் இறுக்கிச் சொருகிவிட்டால் 22 கிணறும் கவலை இல்லாமல் முடியும். போனைக் கையில் கொண்டுபோயும் பலனில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. கன்னியாகுமரி, சுசீந்திரம், திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் பக்கம் போனால் சட்டையையும் கழற்ற வேண்டும், கடைசியில் சொன்னதில் பேன்ட்டும் கூடாது. ஆக ஒரு வேட்டி எப்போதும் பையில் இருக்கட்டும். போர்வையாகவும் ஆகும், துவட்டவும் ஆகும்.

அப்புறம், நம்மைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிற விஷயம். இதைப் பேசாமல் விட்டால் மற்ற யோசனையெல்லாம் வீண். பஸ்ஸில் காலியாக இருக்கும் ஒரே இடம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் என்றால், கண்டக்டரிடம் சொல்லுங்கள், அவரே ஆளை மாற்றி உட்கார வைப்பார். பெண்கள் பெட்டியில் அவசரத்துக்குக் கூட ஏறாதீர்கள், ரயில்வே சட்டம் 162-வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். இருட்டிய தெருவில் முன்னால் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தால் கொஞ்சம் நின்று போனைப் பாருங்கள், இல்லை எதிர்ப்புறம் போய்விடுங்கள். "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்பது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்?

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம். முன்பின் தெரியாத ஊரில் குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது, கொஞ்சுவது, போட்டோ எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸப்பில் வதந்தி பரவியிருந்த நேரத்தில், போளூர் பக்கம் அத்திமூரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததை வைத்துக் கூட்டம் கூடி அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்தே போனார். காரில் குடும்பமாக வந்தவர்களுக்கே அந்த நிலைமை. கேமராவோடு தனியாகத் திரியும் ஆண் கிராமத்துக்குள் நுழைந்தால் முதல் வேலையாக டீக்கடையில் உட்கார்ந்து, எந்த ஊர், எதற்கு வந்தேன், எந்தக் கோயிலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. டீக்கடைக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சமணத் துறவிகளின் கற்படுக்கை, பழைய கல்வெட்டு என்று தேடிப் போகிறவர்களுக்கு வழியும் அங்கேதான் கிடைக்கும், சில நேரம் கூடவே வர ஒரு பெரியவரும்.

இனி ஏமாற்றுகிறவர்கள் பக்கம். தனி ஆண்களுக்கென்றே வலை விரிக்கிறவர்கள் உண்டு. ராத்திரி ஆட்டோவில் "ரூம் வேணுமா சார், வேற ஏதாச்சும் வேணுமா சார்" என்று ஆரம்பிப்பது பழைய பாணி. "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள், விலை விசாரித்தாலே பாதி மாட்டியாகிவிட்டது. புதுப் பாணி டேட்டிங் ஆப். அந்த ஊர்ப் பெண் ஒருவர் உடனே சந்திக்கச் சம்மதிப்பார், இந்த கஃபேவுக்கே வாருங்கள் என்பார், அவரே நாலைந்து ஐட்டம் ஆர்டர் செய்வார், பாதியில் ஒரு போன் வந்து கிளம்பிவிடுவார். பில் பல ஆயிரம், சுற்றி நாலு தடியர்கள். டெல்லியிலும் மும்பையிலும் 2024-ல் இது பெரிய செய்தியாகவே வந்தது. புது ஊரில் சந்திக்கும் இடத்தை நீங்கள் சொல்லுங்கள், அவர் மறுத்தால் விஷயம் புரிந்துவிடும். இதெல்லாம் இவ்வளவு நாள் ஓடுவதற்குக் காரணம், மாட்டியவன் வெளியே சொல்ல மாட்டான் என்கிற தைரியம்தான். வெட்கத்தைப் பார்க்காமல் 112-க்கு அழையுங்கள், ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930. எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனைக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

குடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பீகாரில் 2016-ல் இருந்து முழு மதுவிலக்கு, குஜராத்தில் பெர்மிட் இல்லாமல் தொடக்கூடாது. வடக்கே போகும் ரயிலில் பையில் பாட்டில் வைத்துக்கொண்டு பீகாருக்குள் நுழைந்துவிட்டு "நான் வெளியூர்க்காரன்" என்றால் எடுபடாது. அறிமுகம் இல்லாதவரோடு உட்கார்ந்து குடிப்பது, ரயிலில் பக்கத்தில் இருப்பவர் தரும் பிஸ்கட், டீ இரண்டும் ஒரே ரகம். மறுக்கச் சங்கடமாக இருந்தால் "விரதம்ங்க" என்று சொல்லிவிடுங்கள், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

டிக்கெட், பணம், ரூம் பதிவு, மேப் எல்லாம் ஒரே போனில் இருக்கிறது, அது போனால் எல்லாம் போச்சு. வீட்டு எண் ஒன்றும் நண்பர் எண் ஒன்றும் காகிதத்தில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள், மனைவி நம்பரையே மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத காலம் இது. ஐநூறு ரூபாய்த் தாள் நாலைந்து பர்ஸில் இல்லாமல் வேறு எங்காவது. காஷ்மீர், லடாக் போகிறவர்கள் கவனிக்க: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு இறங்குகிற ரயில் என்றால் ரயில்வே உதவி எண்ணான 139-ல் எழுப்பிவிடும் வசதி உண்டு, நான் அதோடு போனிலும் அலாரம் வைப்பேன். இறங்கினபிறகு வெளியே இருட்டில் லாட்ஜ் தேடி அலையாமல் வெயிட்டிங் ஹாலிலேயே விடியும்வரை உட்காருங்கள்.

கடைசியாக, உடம்பு சரியில்லாமல் போனால். தனியாக இருக்கும்போது வருகிற காய்ச்சல் இரண்டு மடங்கு கனமாக இருக்கும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தண்ணீர் கூட இல்லாமல் படுத்துக்கிடப்பார்கள். வீட்டில் சொன்னால் பயப்படுவார்களாம். அப்படிச் செய்யாதீர்கள். ரூம் பாயைக் கூப்பிட்டு உடம்பு முடியவில்லை என்று சொல்லுங்கள். மேனேஜர் கடுகடுவென்று இருப்பவராக இருக்கலாம், ஆனால் பக்கத்தில் எந்த டாக்டர், எந்த மெஸ்ஸில் கஞ்சியோ ரசம் சாதமோ கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொடி இரண்டும் பையில் எப்போதும் இருக்கட்டும். உள் தாழ்ப்பாளைப் போடாமல் சாத்தி மட்டும் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டச் சொல்லிவிடுங்கள், மறக்காமல் செய்வார்கள். லாட்ஜின் விசிட்டிங் கார்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், 108-க்கு அழைத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்றுதான், புது ஊரில் நூறு டிகிரி காய்ச்சலோடு தெருப் பெயர் ஞாபகம் வராது.