லைன் கிளியர்: சில நாட்குறிப்புகள்

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

இன்றும் பிள்ளையிடமிருந்து அழைப்பு இல்லை. வராது என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

செப்டம்பர் 26, வியாழன்

1983-இல் இதே தேதியில், நள்ளிரவு கடந்த வேளையில், மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற முன்னெச்சரிக்கை நிலையத்தில் பணியிலிருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவுக்கு, அமெரிக்காவிலிருந்து ஏவுகணை புறப்பட்டுவிட்டதாகக் கருவி காட்டியது. முதலில் ஒன்று, பிறகு நான்கு. ஐந்தே ஏவுகணைகளை வைத்துக்கொண்டு எவரும் அணு ஆயுதப் போரைத் தொடங்க மாட்டார்கள் என்று யோசித்த அவர், தாக்குதல் என்று மேலிடத்துக்குச் சொல்லாமல் கருவிக் கோளாறு என்று சொன்னார். உயர்ந்த மேகங்களில் பட்டுச் சிதறிய சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணையின் நெருப்பாக எடுத்துக்கொண்டிருந்தது பின்னரே தெரிந்தது.

உலகைக் காப்பாற்றியவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அதில் எனக்குச் சிறிய மறுப்பு உண்டு. பொத்தான் எதுவும் அவர் கையில் இல்லை. மேலே போகும் செய்தி மெய்யா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை, அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். உசிலம்பட்டியில் நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது, இடி விழும் இரவுகளில், அடுத்த ஸ்டேஷனில் எவரும் தொடாமலே, வண்டி விட லைன் கிளியர் கேட்டு வாங்கும் என் பிளாக் கருவியின் மணி அடித்ததுண்டு. போனை எடுத்துக் கேட்காமல் நான் ஒருநாளும் பதிவேட்டில் எழுதியதில்லை. அதற்காக எனக்கு யாரும் மாலை போட்டதுமில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு வந்த மைத்துனர், "டெல்லியிலே அந்தப் பட்டன் யார்கிட்ட இருக்கு மச்சான்?" என்று கேட்டார். ரசம் ஆறும் வரை விளக்கினேன்; அவருக்குத் திருப்தி இல்லை.

2003 ஜனவரி 4 அன்று அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கையில் விஷயம் தெளிவாகவே இருக்கிறது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிடும் உரிமை பிரதமர் தலைமையிலான அரசியல் மன்றத்துக்கு மட்டுமே உண்டு. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான செயல் மன்றம் அதற்கு வேண்டிய விவரங்களைத் தந்து, அதன் ஆணைகளை நிறைவேற்றும். அணு ஆயுதப் படைகளை நிர்வகித்துத் தயாராக வைத்திருக்கும் பொறுப்பு ஸ்ட்ராடஜிக் ஃபோர்சஸ் கமாண்டுக்கு உரியது; அதன் முதல் தலைவர் ஏர் மார்ஷல் அஸ்தானா. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதும், நம்மீது விழுந்தால் தாங்கவொண்ணாத சேதம் விளையும்படி பதிலடி இருக்கும் என்பதும், அந்தப் பதிலடிக்காக மாற்று ஆணைச் சங்கிலிகள் வகுக்கப்பட்டுள்ளன என்பதும் அதே அறிக்கையில் உள்ளவை. அந்தக் கடைசிச் செய்தியை யாரும் பேசுவதில்லை. முதல் அடியை வாங்கிய பிறகே இயங்கவேண்டிய கமாண்டு என்றால், உத்தரவிட வேண்டியவர்கள் இருந்த ஊரே இல்லாமல் போன நாளிலும் அது இயங்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஒற்றைப் பாதையில் வண்டி விட்டவனுக்கு இது எளிதில் புரியும். என் கருவியில் நாற்பது டோக்கன் பந்துகள் கிடந்தாலும், அடுத்த ஸ்டேஷன்காரர் அங்கே பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் ஒரு பந்துகூட வெளியே உருளாது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். கேட் சாத்தியாகிவிட்டது என்று கேட்கீப்பர் வாயால் சொன்னால் போதாது, அவரிடமுள்ள தாளில் அடுத்து நிற்கும் பிரைவேட் நம்பரையும் சொல்ல வேண்டும். நான் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன், அவர் தன் தாளில் அதை அடித்துவிடுவார், அது மறுபடி செல்லாது. அமெரிக்க ஏவுகணைக் கட்டுப்பாட்டு அறைகளில் இரண்டு அதிகாரிகள், ஒருவர் கைக்கு எட்டாத தூரத்தில் மற்றவர் அமர்ந்து, ஒரே நேரத்தில் சாவியைத் திருப்ப வேண்டும் என்று வைத்திருப்பதும், உறையைக் கிழித்து எண்ணெழுத்துகளை ஒப்பிடுவதும் இதே ஏற்பாடுதான். வண்டியை விடுவதற்கு இத்தனை கருவிகள் தேவையில்லை. விடக்கூடாத நேரத்தில் விடாமல் இருப்பதற்குத்தான் அத்தனையும்.

"அப்போ பட்டனே இல்லையா?" என்றார் மைத்துனர்.

அக்டோபர் 3, வியாழன்

என் மனைவிக்குச் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொலு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

தூக்கம் இல்லை. இந்த ஊர் எரிந்த கதையை, உத்தரவு எப்படிப் போனது என்ற ஒரு கோணத்தில் மட்டும் மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

பாண்டியன் அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகும் அவசரத்தில், கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்று கொண்டுவரும்படி சொல்லிவிட்டுப் போகிறான். நிபந்தனையோடு கூடிய ஆணைதான் அது; நிபந்தனையைச் சரிபார்ப்பவன் யார் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு, சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய்ச் சேர்ந்தது. காவலர்கள், இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். தயங்கியவர்களின் சொல்லுக்கு ஆணைச் சங்கிலியில் இடமில்லை. குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். நெடுஞ்செழியன் கெட்டவன் அல்லன், உயிரையே கொடுத்தவன். அவனிடம் இரண்டாவது சாவி இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் பழைய கைவிளக்கையும் விசிலையும் துடைத்துச் சந்தனம் வைத்தேன். மாலையில், ஜப்பானின் நிஹோன் ஹிடான்கியோவுக்கு அமைதி நோபல் என்று செய்தி. 1956-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் பிழைத்தவர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. தங்கள் உடம்பையே சாட்சியாக வைத்து, இனி எவர்மீதும் இது விழக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள்.

நீர்மூழ்கியில் வேலை பார்க்கும் என் பிள்ளையின் சம்பளம் வரும் வழியை எண்ணியபோது அந்தச் செய்தியை இவளுக்குப் படித்துக்காட்டத் தயக்கமாக இருந்தது. விழாமலிருக்கவே வைத்திருக்கிறோம் என்பது கமாண்டின் வாதம். இருக்கும்வரை விழலாம் என்பது அந்த முதியவர்களின் வாதம். இரண்டையும் மாற்றி மாற்றி நம்புகிறேன். காலையில் ஒன்று, இரவில் மற்றொன்று.

சோதனை முடிவு இன்றும் வரவில்லை, விடுமுறையாம்.

அக்டோபர் 16, புதன்

1799-இல் இதே நாளில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவன் பெயரை வைத்த கடற்படைத் தளம், கடலைப் பார்க்காத ஒரு பொட்டலில், நாங்குநேரிக்கு அப்பால் விஜயநாராயணத்தில் இருக்கிறது, 1990-இல் தொடங்கியது. நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கம்பங்கள் அங்கே நிற்கின்றன. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு பேருந்தில் திரும்பும்போது, வரிசையாகச் சிவப்பு விளக்குகள் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்துக் கோயில் கோபுரமா என்று இவள் கேட்டாள். அப்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கம்பங்கள் எதற்கென்று இப்போது தினமும் நினைக்கிறேன். சாதாரண ரேடியோ அலை உப்புநீரில் இறங்கியதும் செத்துவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் சில பத்து மீட்டர்கள் உள்ளே போகும். அலை அவ்வளவு நீளமானதால் கம்பமும் அவ்வளவு உயரமாக வேண்டும். செய்தியோ எறும்பு ஊர்வதைப் போல நகரும், குரலை அனுப்ப வழியே இல்லை, சில எழுத்துகள் மட்டும் போகும். நீர்மூழ்கி அதைக் கேட்கும், ஆனால் அந்த வழியில் பதில் பேசாது. பேசுவதற்கு இப்படி ஒரு கம்பத்தை அதன் முதுகில் நட முடியாது. வேறு வழியில் பேசினாலோ இருக்கும் இடம் வெளிப்பட்டுவிடும். இடம் வெளிப்பட்ட நீர்மூழ்கியால் யாரையும் தடுக்க முடியாது. தரையிலுள்ள ஏவுகணையை முதல் அடியிலேயே அழிக்கலாம், விமானத்தை ஓடுபாதையிலேயே எரிக்கலாம், எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றை மட்டும் அழிக்க முடியாது என்ற ஒற்றைக் கணக்கின்மீதுதான் நம் நீர்மூழ்கிகளான அரிஹந்தும், இந்த ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் படையில் சேர்ந்த அரிகாத்தும் மிதக்கின்றன.

அவன் எந்தக் கலத்தில் இருக்கிறான் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நான் இங்கே எழுதுவதெல்லாம் செய்தித்தாளில் வந்தவைதான்.

அக்டோபர் 19, சனி

முடிவு வந்துவிட்டது. "அவனுக்குத் தெரிய வேண்டாங்க" என்றாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

பிரிட்டிஷ், அமெரிக்க நீர்மூழ்கிகளில் வீட்டிலிருந்து சிறு செய்தி அனுப்பும் வழக்கம் உண்டு. முன்பெல்லாம் நாற்பது சொல், ஐம்பது சொல் என்று எண்ணிக் கொடுப்பார்கள். பதில் வராது. கெட்ட செய்தியை வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். சாவாகவே இருந்தாலும் பெரும்பாலும் ரோந்து முடிந்து கரையேறிய பிறகுதான் சொல்லுவார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளிடம், அப்படி ஒன்று நேர்ந்தால் உடனே சொல்ல வேண்டுமா, பிறகு சொல்ல வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குவதுண்டு என்று படித்தேன். 1969 முதல் அவர்களுடைய கலங்களில் ஒன்று எப்போதும் கடலுக்கடியில் இருந்தாக வேண்டும், ஒருவனின் துக்கத்துக்காக அதைத் திருப்ப முடியாது.

அனுப்ப வழியில்லை என்று தெரிந்தும் ஒரு நாற்பது சொல்லை எழுதிப் பார்த்தேன். அம்மா நலம். மாடியில் கறிவேப்பிலை தழைத்துவிட்டது. மழைக்கு முன் கூரை ஒழுக்கை அடைத்துவிட்டோம். பத்துச் சொல்லுக்கு மேல் ஓடவில்லை. எண்ணிக்கையில் முதல் இரண்டு சொற்களையும் சேர்க்கலாமா என்பதே யோசனையாக இருக்கிறது.

அக்டோபர் 26, சனி

நேற்றைய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். ஸ்கேனுக்குப் போக முடியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்றைய தேதியை எழுதவே கை கூசுகிறது. 1962-இல் இதே நாளில், கியூபா அருகே சோவியத்தின் பி-59 நீர்மூழ்கி அமெரிக்கக் கப்பல்களின் வளையத்துக்குள் சிக்கியது. மாஸ்கோவோடு தொடர்பு அறுந்திருந்தது. உள்ளே தாங்க முடியாத வெக்கை. மேலே வருமாறு சைகை காட்டச் சிறு வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போர் மூண்டுவிட்டதென்றே நம்பிய கேப்டன், அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், உடனிருந்த வசீலி ஆர்க்கிபோவ் அவரை அமைதிப்படுத்தி மேலே வர இணங்க வைத்தார் என்றும் உள்ளே இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

கலங்களைப் பற்றிய என் பயம் இதுதான். பேசாத கலம் பயமில்லை. கேட்காமல் போன கலம்தான் பயம். கமாண்டு என்று ஒன்றைக் கட்டியெழுப்புவதே அதன் குரல் ஒருபோதும் நின்றுவிடக்கூடாது என்பதற்காக. அமெரிக்கர்கள் 1961 பிப்ரவரி முதல் 1990 ஜூலை வரை, நெப்ராஸ்காவின் ஆஃபட் தளம் அழிந்தாலும் உத்தரவு நிற்கக்கூடாது என்று, ஒரு தளபதியை ஏற்றிய விமானம் எந்நேரமும் வானத்தில் இருக்கும்படி இருபத்தொன்பது ஆண்டுகள் இடைவிடாமல் பறக்கவிட்டார்கள். பிரிட்டிஷ் பிரதமர் பதவியேற்றதும், தாம் இறந்து நாடும் அழிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டுமென்று கைப்படக் கடிதம் எழுதி ஒவ்வொரு கலத்தின் பெட்டகத்திலும் வைக்கிறார். பதவி விலகியதும் அது பிரிக்கப்படாமலே அழிக்கப்படுகிறது. படிக்கப்படாமல் போவதற்கென்றே எழுதப்படும் கடிதம்! மனிதன் எங்கெல்லாம் போய்விட்டான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்துத் தெருவில் ஒரு வெடி வெடித்தபோது போன்தான் அடிக்கிறதென்று எழுந்து ஓடினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

2018-இல் இதே நாளில், அரிஹந்த் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துத் திரும்பியதாகப் பிரதமர் அறிவித்தார். அன்று எங்கள் தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும்தான். திரும்பி வந்த பிறகுதான் போயிருந்ததே ஊருக்குத் தெரிந்தது.

நவம்பர் 9, சனி

1979 நவம்பர் 9 அன்று, அமெரிக்க வான் பாதுகாப்பு மையத்தின் கணினியில் சோவியத் தாக்குதலைப் போலப் புனைந்த பயிற்சி நாடா ஓடி, மெய்யான தாக்குதலாகத் திரைகளில் வந்துவிட்டது. போர் விமானங்கள் எழும்பின. அதிபருக்கான வான்வழிக் கட்டளை விமானமும் அதிபர் இல்லாமலே புறப்பட்டது. ரேடாரையும் செயற்கைக்கோளையும் நேரடியாக விசாரித்த பிறகே பொய் என்று தெரிந்தது. சரியான கம்பி வழியாக, சரியான எண்ணோடு, தவறான செய்தி. பிரைவேட் நம்பர் காப்பாற்றாத ஒரே இடம் அதுதான்.

நாளை மறுநாள் காலை ஆறரைக்கு இவளைச் சேர்க்க வேண்டும். உள்ளே என் போன் அணைந்திருக்கும் என்பதால் அதை மைத்துனரிடம் கொடுத்து, பழைய பழக்கத்தில், ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டும். அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி என்ற சொல் வரக்கூடாது. நான் வெளியே வந்ததும் நானே அழைப்பேன் என்று சொல்ல வேண்டும். கீழே கையெழுத்தும் நேரமும் போட்டிருந்தேன்.

அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பை மாட்டியவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

"அவனே, அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டான்னா, மச்சான்?"