536870911: இரண்டு சொன்ன பொய்

இரண்டின் 29ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 536870911, மூன்று வார இழுபறிக்குப் பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பகாக் காரணிகளாக முழுவதுமாக உடைந்தது. தாள், பேனா, எட்டு இலக்கக் கால்குலேட்டர் ஆகியவை மட்டுமே என்பது எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி. எண்ணுக்கோ ஒன்பது இலக்கங்கள்.

முதலில் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அதன்படி இரண்டை அடிமானமாக வைத்துச் சோதித்தபோது மீதி 1 வந்தது; பகா எண் என்று ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் பெருமையடித்தேன். "தம்பி, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எந்த மெர்சென் எண்ணும் அந்தச் சோதனையில் தேறிவிடுமே" என்றார். இரண்டின் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்தவையே மெர்சென் எண்கள். அவர் சொன்னது உண்மைதான்: இரண்டின் 29ஆம் அடுக்கை நம் எண்ணால் வகுத்தால் மீதி 1; நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதும் 29இன் மடங்கு, எனவே மீதி 1 வந்தே தீரும். பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644இல் வெளியிட்ட பட்டியலில் 67ஐயும் 257ஐயும் தவறாகச் சேர்த்த மெர்சென்கூட 29ஐச் சேர்க்கவில்லை.

பகாக் காரணிகள் 58இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில் இருந்து, எட்டால் வகுக்க 1 அல்லது 7 மீதி தரவேண்டும் என்பதால், 1103 வரை சோதிக்க வேண்டியவை 233, 929, 1103 ஆகிய மூன்றே. அந்த 233இல்தான் பத்து நாள் போயிற்று. இரண்டின் 8ஆம் அடுக்கான 256இல் 233 போக மீதி 23. அதன் வர்க்கம் 529, மீதி 63, இது 16ஆம் அடுக்கு. இரண்டையும் பெருக்கினால் 1449, மீதி 51, இது 24ஆம் அடுக்கு. அதை 32ஆல் பெருக்கினால் 1632, 233இன் ஏழு மடங்கான 1631 போக மீதி 1, இது 29ஆம் அடுக்கு; ஆகவே அதில் ஒன்று குறைந்த நம் எண்ணை 233 வகுக்கிறது. நான் 63ஐ 53 என்று எழுதி, கடைசியில் 97 வரக் கண்டு, 233ஐ அடித்துவிட்டேன். லிட்டில் இந்தியாவில் வாங்கிய நோட்டின் கட்டங்கள் மிகக் குறுகியவை, அவற்றில் என் 6 எப்போதும் 5 போலத்தான் விழுகிறது. அடுத்த நோட்டு பெரிய கட்டத்தில்தான்.

233ஆல் வகுத்தபின் 2304167 நின்றது. 929 மீதி 247 தந்து விலகியது. 1103 மீதியின்றி வகுத்து 2089ஐத் தந்தது. 2089இன் வர்க்கமூலம் 46ஐ எட்டாது, அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய காரணியோ 233, ஆகவே அதுவும் பகா எண். மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாகிய இதற்கு எட்டு வகுத்திகள்; தன்னைத் தவிர்த்த ஏழின் கூடுதல் 3051329 மட்டுமே, எண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு வறிய குறைவெண்ணை (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடக் குறைந்த எண்ணை) நான் இதுவரை கையால் உடைத்ததில்லை.

அடுத்து இரண்டின் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். அதை 223 வகுக்கிறது என்பதை ஆவல் தாங்காமல் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். ஆனால் இங்கேயே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஃபெர்மா சோதனையில் மூன்றை அடிமானமாக வைத்தால், 536870911 பகா எண் அல்ல என்று பிடிபட்டுவிடும். 233ஆல் மட்டும் வகுத்துப் பார்த்தாலே மீதி 1க்குப் பதில் 89 வருகிறது. இருந்தும் முழு எண்ணால் வகுத்தே அந்தத் தோல்வியைக் கண்ணால் காண விரும்பி, அதற்கு வேண்டிய 28 வர்க்கப்படுத்தல்களில் ஆறாவதில் நிற்கிறேன்.