பழைய குணசேகரன் இருந்திருந்தா

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. ரோட்டுக்கு நடுவே காட்டெருமை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு முன் சீட்டில், தேயிலைத் தோட்ட வேலை முடிந்து வரும் இரண்டு பெண்கள்.

"பழைய குணசேகரன் இருந்திருந்தா ஒரே சத்தத்துல விரட்டியிருப்பாருக்கா."

"ஆமா, 'ஏய் இந்தாம்மா'ன்னு!"

பஸ்ஸே சிரித்தது.

'எதிர்நீச்சல்' டிவி தொடரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தது 2023 செப்டம்பரில். அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ஆனாலும் இவர்கள் பழையவரைப் பற்றிச் சொந்தப் பெரியப்பா மாதிரி பேசுகிறார்கள்.

எனக்கு எழுதுகிறவர்களின் பாடுதான் தோன்றியது. சினிமா என்றால் படப்பிடிப்பைத் தள்ளிப்போடலாம். தினசரித் தொடரில், ஒரு மனிதரின் குரலுக்கும் முறைப்புக்கும் என்றே வளர்த்த கதையை, அவர் இல்லாமல் நாளைக்கும் ஓட்டியாக வேண்டும்.

எதிர்நீச்சலை இயக்கிய திருச்செல்வத்துக்கு நெடுந்தூர ஓட்டம் புதிதில்லை. 2003 முதல் 2009 வரை, 1,500 பகுதிகளைத் தாண்டிய 'கோலங்கள்' அவர் இயக்கியது. அதில் தொல்காப்பியனாக நடித்ததும் அவரே. எதிர்நீச்சலுக்குத் தயாரிப்பும் அவர் நிறுவனம்தான், அதாவது கதை தடுமாறினால் லைட்மேன் சம்பளம் வரைக்கும் அவர் தலையில்.

சினிமா வசனகர்த்தாவுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது சீரியல்காரர்களுக்குக் கொடுக்கலாம். (இழுவையை மறுக்கவில்லை. கன்னத்தில் விழும் ஒரு அறைக்கு ஒன்பது முகம் காட்டினால் எனக்கும் கடுப்புதான்.)